குப்புறப் படுக்கும் நாற்காலி: அம்மா என்ன சொன்னார்

இரண்டு வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். அம்மாவின் விழித்திரை நடுவில் ஓட்டை, அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு விட்டிருக்கிறார்கள், சில நாள் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும், கடற்கரைச் சாய்வு நாற்காலியில் குப்புறப் படுத்தால் கழுத்து போகிறது என்று. வாயுக்குமிழி மேலே மிதக்கும். முகம் கீழே பார்த்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் ஓட்டையை அடைக்கும். அதனால் தலையைப் பக்கவாட்டில் திருப்பவும் வழியில்லை.

இங்கே பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒரு தச்சர் அண்ணனிடம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் முகத்துக்கு வட்ட ஓட்டை போட்டோம். தவறு. தாடை இடித்தது, மூச்சு முட்டியது. இப்போது குதிரை லாட வடிவம், திறந்த பக்கம் தாடையை நோக்கி. நெற்றியும் கன்னமும் மட்டும் தாங்கும், கண்ணில் எதுவும் படாது.

ஆனால் பெரிய வித்தியாசம் கழுத்தில் இல்லை, இடுப்பில்! தட்டையாகக் கவிழ்ந்தால் இடுப்பு உள்ளே தொய்ந்துவிடுகிறது. வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்ததும், "ஆ, இப்பத்தான் சரி" என்றார். முகத்துக்குக் கீழே ஒரு பலகையும் உண்டு: கை வைக்க, கைப்பேசி வைக்க, அப்புறம் ஸ்ட்ரா போட்ட மைலோ. ரெக்சின் உறை மட்டும் வேண்டாம், பினாங்குப் புழுக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

நேற்றுப் பரிசோதனையில் ஓட்டை மூடிவிட்டது என்றார்கள். ஆனால் வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாதாம். திருச்சிக் கல்யாணம் போச்சு என்று அம்மாவுக்குக் கோபம். நாற்காலியில் இப்போது அப்பா குறட்டை விடுகிறார்.