அம்மாவுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை: ஆதாரைப் புதுப்பித்தால் சரியாகுமா?

உப்புக்காற்று:
அம்மாவுக்கு 68 வயது, நாற்பது வருடம் உப்பள வேலை. அப்பாவுக்கு 73, நூற்பாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இபிஎஸ்-95 என்ற பிஎஃப் பென்ஷன் வருகிறது. ரேஷன் கார்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மூன்று மாதமாக இருவருக்குமே கடை மெஷினில் ரேகை விழவில்லை. "ஆதாரைப் புதுப்பிச்சுட்டு வாங்க" என்கிறார் கடைக்காரர். நவம்பரில் அப்பாவுக்கு உயிர்வாழ் சான்று வேறு கொடுக்க வேண்டும். புதுப்பித்தால் தீருமா? அதுவரை அரிசி, பருப்பு வாங்க என்ன வழி?

கோடும்_சுழியும்:
புதுப்பிக்க ஓடாதீர்கள். முதலில் மெஷின் என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். கடைத் திரையில் சிவப்பில் ஏதோ வந்து மறைந்துவிடும், யாரும் படிப்பதில்லை. ஆனால் மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் 'அங்கீகார வரலாறு' என்று ஒரு பகுதி உண்டு. கடைசி ஆறு மாதத்தில் நடந்தவற்றில் 50 பதிவுகள் வரை காட்டும். தோற்றுப்போன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும்.

300 என்றால் ரேகை ஒத்துப்போகவில்லை. 330 என்றால் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். 811 என்றால் அந்த நபரின் ரேகையே ஆதார் தரவில் இல்லை. 561, 562 வந்தால் நேரக் கோளாறு, பெரும்பாலும் மெஷின் கடிகாரம் தப்பாக ஓடும். உங்கள் வீட்டு விரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. புதுப்பிப்பது முதலாவதற்கும் மூன்றாவதற்கும்தான் உதவும், முதலாவதற்கும் எப்போதும் இல்லை.

உப்புக்காற்று:
பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு எல்லாமே 300. அப்பாவுக்கு எல்லாமே 330!

கோடும்_சுழியும்:
அப்போது அப்பா விரலில் ஒரு குறையும் இல்லை. யாரோ எம்ஆதார் செயலியில் பூட்டு போட்டிருக்கிறார்கள். போட்டவரைத் திட்டாதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். பத்திரங்களில் இருந்த ரேகையை சிலிக்கானில் நகலெடுத்து ஏஇபிஎஸ் (ஆதார், ரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை) வழியாக வங்கிப் பணத்தை உருவிய வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. பூட்டினால் ரேகை, கருவிழி, முகம் மூன்றுமே நின்றுவிடும். ஓடிபி மட்டும் வேலை செய்யும்.

பூட்டை மொத்தமாக எடுக்க வேண்டாம். 'தற்காலிகத் திறப்பு' கொடுத்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். வரிசையில் கடைசி ஆளாக நிற்கும்போது திறந்தால் முறை வருவதற்குள் நேரம் போய்விடும். உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கு எடை போட ஆரம்பித்ததும் திறங்கள். கார்டில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் போதும் என்பதால், இந்த மாதப் பொருள் அப்பா விரலிலேயே வந்துவிடும்.

கண்ணாடித்தட்டு:
அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஒளி மூலம் படிக்கும் சென்சார்கள். கண்ணாடிக்கு அடியில் இருந்து வெளிச்சம் அடிக்கும்; தோலின் மேடு எங்கே கண்ணாடியை ஒட்டுகிறதோ அங்கே கறுப்பாகவும், பள்ளம் வெள்ளையாகவும் படம் விழும். உப்பு, சிமென்ட், சுண்ணாம்பு, பாத்திரம் விளக்கும் பவுடர் எல்லாம் மேட்டைத் தேய்த்துவிடும். வயதானால் தோல் காய்ந்து, இருக்கிற மேடும் கண்ணாடியில் சரியாக ஒட்டாது. தொடர்ச்சியாக இருக்க வேண்டிய கோடு புள்ளி புள்ளியாக உடைந்து வரும். கோடு முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். உடைந்த கோட்டில் முடிவுகள் நூறு முளைத்துவிடும். எது நிஜம், எது பொய் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

இதைச் செய்து பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கடுகளவு வாசலினை விரல் நுனியில் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். தோல் மெத்தென்று இருக்க வேண்டும், பளபளப்பு இருக்கக் கூடாது. கடையில் வாசலினுக்கு எங்கே போவது என்றால், விரலை நெற்றியில் இரண்டு தடவை தேய்த்தாலே போதும்; அங்கே இருக்கிற பிசுக்கு சரியாக இருக்கும்.

வைக்கும் விதம் அதைவிட முக்கியம். எல்லோரும் காலிங் பெல் அழுத்துவது மாதிரி நுனியை வைத்துக் குத்துகிறார்கள். சுழி இருப்பது நுனியில் அல்ல, முதல் கணுவுக்கு மேலே சதை புடைத்திருக்கும் இடத்தில். விரலைப் படுக்க வைத்து, அந்தச் சதை கண்ணாடி நடுவில் வருகிற மாதிரி லேசாக அழுத்த வேண்டும். பலமாக அழுத்தினால் மேடெல்லாம் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டி மை கொட்டினது போல் ஆகிவிடும். கடைக்காரர் விரலைப் பிடித்து அமுக்குவதால் காரியம் கெடுவதே அதிகம்.

அப்புறம் கட்டைவிரலையே பிடித்துத் தொங்காதீர்கள். வேலை செய்கிற கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதலில் தேயும். மோதிர விரலை வைத்துப் பாருங்கள், முக்கியமாக இடது கையில். பத்து விரலில் எந்த விரலும் செல்லும்.

வேப்பமரத்தடி:
விரலை ஈரத்துணியில் தொட்டுவிட்டு வைத்தால் உடனே விழும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான்.

கண்ணாடித்தட்டு:
ஐயா, லேசான ஈரப்பதத்துக்கு விழும், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் நின்றால் பள்ளத்தையும் நிரப்பிவிடும். படம் முழுக்கக் கறுப்பு. அடுத்து வருகிறவருக்கும் கண்ணாடி ஈரமாக இருக்கும். தேங்காய் எண்ணெய்க் கையும் அப்படியே. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவே காய்ந்த துணியால் கண்ணாடியை ஒரு முறை துடைத்தால் பாதிப் பிரச்சினை போகும். வெயில் நேரே சென்சாரில் விழுந்தாலும் படம் வெளிறிவிடும், கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

படிவம்_எண்_பத்து:
இதெல்லாம் செய்தும் 300 வந்தால் அப்போது புதுப்பியுங்கள். ஆனால் தேய்ந்த கையோடு போகாதீர்கள். மையத்தில் நான்கு, நான்கு, இரண்டு என்று பத்து விரலும் எடுப்பார்கள். தரம் வராவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு, எடுத்ததில் எது தேவலையோ அதையே மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். மோசமான ரேகை பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா உப்பளத்துக்கு இன்னும் போகிறார் என்றால் மூன்று, நான்கு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்து, இரவில் வாசலின் தடவி வந்தால் மேடு திரும்ப வளரும். ரேகையின் அச்சு உள்தோலில் இருப்பதால் அதே வடிவில்தான் வரும். மொபைல் எண் இணைக்கவில்லை என்றால் அதே நடையில் சேர்த்துவிடுங்கள், ஓடிபி வழி திறந்துவிடும்.

பொருளை மறுக்க முடியாது. ரேகை விழாததைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடையில் கருவிழிக் கருவி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் ஓடிபி. இருவராலும் கடைக்கு வர முடியாத நிலை என்றால் அங்கீகாரச் சான்றுப் படிவம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். மறுத்தால் 1967 எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

உயிர்வாழ் சான்றுக்கு நவம்பர் பதற்றம் வேண்டாம். இபிஎஸ்-95 காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளில் இருந்து ஒரு வருடம் செல்லும். ரேகை இல்லாமல் வீட்டிலேயே முகத்தை வைத்து முடிக்கலாம்: ஆதார் ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமாண் இரண்டு செயலிகளும் வேண்டும். முதலில் போனை இயக்குபவரின் ஆதாரும் முகமும், பிறகு அப்பாவுடையது. முகத்தில் வெளிச்சம், முதுகுப் பக்கம் ஜன்னல் கூடாது, கேட்கும்போது கண் சிமிட்ட வேண்டும். பூட்டைத் திறக்க மறந்துவிடாதீர்கள், இதற்கும் அதே 330 வரும்.

உப்புக்காற்று:
அம்மாவுக்குப் போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள். கருவிழி எடுக்கலாமா?

கோடும்_சுழியும்:
கண் பாப்பா விரியும் மருந்து என்றால் அன்றைக்கு எடுக்காதீர்கள், கருவிழி மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் தாராளமாக எடுக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இமை தொங்கினால் விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.