லைபோசக்‌ஷனுக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போவது யாருக்காவது நடந்திருக்கிறதா?

வணக்கம். அக்கா வயிற்றிலும் தொடையிலும் லைபோசக்‌ஷன் என்ற, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை செய்து 7 வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. அறுவைக்குப் பின் போடும் இறுக்க உடையைக் கழற்றினால் இடுப்பில் அதன் தையல் தடம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருக்கும். ஆனால் மாதவிடாய் 20 நாள் தள்ளிப்போயிருக்கிறது. கர்ப்பம் இல்லை, பரிசோதித்துவிட்டோம். அப்புறம் அந்தப் பசி! கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி சமையலறைக்குப் போகிறாள்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை என்று இப்போதுதான் படித்தேன். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனைச் சுரப்பதே அதுதான். கொழுப்பை எடுத்தால் அதன் அளவும் இறங்குமாம். ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியும் அங்கே இருக்கிறது. இதையெல்லாம் அறுவைக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அறுவை செய்த மருத்துவரோ "சம்பந்தமே இல்லை" என்று முடித்துவிட்டார்.

சரி, என் கேள்வி இதுதான். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா? எத்தனை மாதத்தில் சரியானது? அறுவையால் உடலுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியே காரணமாக இருக்குமோ? அடுத்த வாரம் ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கிறோம். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) தவிர வேறென்ன பரிசோதனை கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், அக்கா மிகவும் பயந்திருக்கிறாள்.