மறு: "முள் உறங்கெலி" வேண்டாம், "மிளகெலி" போதும்

> பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ்: மலபார் முள் உறங்கெலி. சரியா?

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் இந்தச் சிறு கொறிணிக்கு (எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு) நம் தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதானே கேள்வி.

"உறங்கெலி"யில்தான் எனக்குத் தகராறு. அது டார்மவுஸின் தமிழாக்கம்; டார்மவுஸ் குளிர்காலம் முழுக்க உறங்கும் குளிர்நாட்டுக் கொறிணி. நம் விலங்குக்கு அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டதற்கு வால் ஒரு காரணம்: புட்டி கழுவும் பிரஷ் மாதிரி அடர்முடி, நுனி வெள்ளை. வாய்க்குள் பார்த்தால் கதை வேறு. டார்மவுஸுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஒரு முன்கடைவாய்ப் பல் உண்டு. இதற்கு அது கிடையாது. எலிக்கு இருப்பதுபோல் வரிசைக்கு மூன்று கடைவாய்ப் பற்கள்தான். 1859இல் விலங்கியலாளர் பிளைத் அறிவியல் பெயர் வைத்த பிறகு நெடுங்காலம் டார்மவுஸ்களோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்ததும், எலிகளின் பெருங்கூட்டத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை இது என்று ஆனது. குளிர்நாட்டு உறக்கத்தை நம் மழைக்காட்டு விலங்கின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

முதுகு மயிருக்கிடையே தட்டையான முட்கள் உண்டே, "முள்ளெலி" என்றால் என்ன? அந்தப் பெயர் ஏற்கெனவே தேரிக்காட்டு விலங்குக்குப் போய்விட்டது, அது கொறிணியே இல்லை. (முள்ளம்பன்றி கொறிணி, பன்றி இல்லை. இதையெல்லாம் இனி மாற்ற முடியாது.)

இந்த விலங்கை ஆய்வாளருக்கு முன்பே அறிந்தவர்கள் மிளகுக்காரர்களும் கள் இறக்கியவர்களும். பழுத்த மிளகைத் தின்று தீர்க்கும், கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கும், மரப்பொந்தில் இலையும் பாசியும் பரப்பிக் கிடக்கும், இரவில்தான் வெளியே வரும். உள்ளூரில் மிளகை வைத்தே பெயர் சொன்னதாக ஆங்கில நூல்களிலும் பதிவு உண்டு. ஆகவே என் பரிந்துரை: மிளகெலி.

இது வாழும் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குள் மிளகுத் தோட்டம் ஏது என்று கேட்பீர்கள். காட்டு மிளகுக்கொடி மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தச் சரக்குதானே.

ஊர்ப்பெயரை ஏற்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. சாலமன் தீவுகளில் வங்குனு தீவு மக்கள் "வீகா" என்று சொல்லிவந்த பெரிய மர எலியை, 2015இல் வெட்டிச் சாய்த்த மரத்தோடு ஒன்று விழுந்த பிறகுதான் ஆய்வாளர்கள் கையில் பார்த்தார்கள். 2017இல் யூரோமிஸ் வீகா என்று அவர்கள் சொல்லையே அறிவியல் பெயரில் வைத்தார்கள். நாமும் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கலாம்.

இந்த விலங்கின் உயிரியல் குடும்பத்துக்குப் பெயர் வைக்க மட்டும் மிளகு உதவாது. சீனா, வியட்நாம் மலைகளின் டைஃப்லோமிஸ் என்ற கொறிணியும் இதே குடும்பம். மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டு வழி அறிகிற விலங்கு அது. அறிவியல் பெயரின் கிரேக்க வேர்களைப் பின்பற்றி "தட்டைமுள் கொறிணிகள்" என்று வைக்கலாம். டைஃப்லோமிஸுக்கு முள் இல்லையே என்பவர்கள் வேறு சொல் தரட்டும், அப்புறம் பட்டியலில் ஏற்றலாம்.