வெள்ளவத்தை உறவுகள்: மாப்பிள்ளையின் தண்ணீர் வேலை

கலா சித்தி: ஜொகானஸ்பேர்க் மாப்பிள்ளையின் சாதகம் வைஷ்ணவிக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஆனால், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களிலிருந்து வரும் அமிலத் தண்ணீரைச் சுத்திகரிப்பதுதான் அவருடைய வேலை என்று தரகர் சொல்கிறார்.

ராஜி மாமி: அமிலமா? வேண்டாம்.

பெரியப்பா: அவசரப்படாதே, ராஜி. அந்த அமிலத்தை யாரும் கொண்டுபோய் ஊற்றவில்லை. பாறையிலுள்ள பைரைற்று என்னும் இரும்புச் சல்பைட்டில் காற்றும் நீரும் படும்போது சல்பூரிக்கமிலம் உண்டாகிறது. சில பற்றீரியாக்கள் அந்தத் தாக்கத்தைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. சுரங்கத்தை மூடி நீர்ப்பம்பிகளை நிறுத்தினால், குடைந்த இடமெல்லாம் நிரம்பி அந்த நீர் மேலே ஏறும். ஜொகானஸ்பேர்க்குக்கு மேற்கே 2002ஆம் ஆண்டில் அது அப்படித்தான் வெளியே வழியத் தொடங்கியது.

சிவா அத்தான்: மாமா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

ராஜி மாமி: அதை எப்படித் திருத்துகிறார்கள், அண்ணா?

பெரியப்பா: முதலில் சுண்ணாம்புதான். சுண்ணாம்புப் பாலைக் கலந்து காற்றையும் ஊதினால் அமிலம் தணிந்து, கரைந்திருந்த இரும்பு செம்மஞ்சள் சேறாகத் திரண்டு அடியில் படியும். நமது மட்டக்குளி வீட்டுக் கிணற்று நீர், இறைத்தவுடன் கண்ணாடிபோல் இருந்துவிட்டு, விடியும்போது வாளியின் அடியில் துருவைப் படியவிடுமே, அதே இரும்புதான்.

கலா சித்தி: அந்த வீட்டை நாங்கள் விற்றிருக்கக் கூடாது.

ராஜி மாமி: விற்கச் சொன்னவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

பெரியப்பா: வீட்டுக் கதையை விடுங்கள். சுண்ணாம்பு இரும்பை நீக்கினாலும், அமிலத்திலிருந்த சல்பேற்று என்னும் உப்புப் பொருளின் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். அதைக் குடிநீராக்க வேண்டுமானால், அனுராதபுரப் பக்கத்தில் சிறுநீரக நோய்க்குப் பயந்து ஊர் ஊராக வைத்திருக்கும் ஆர்.ஓ. வடிகட்டிகளைப் போன்றவை தேவை; அவை நீரை மென்சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, கரைந்த உப்புகளைப் பிரித்துவிடும். தென்னாபிரிக்காவின் எமலாஹ்லெனியில் நிலக்கரிச் சுரங்க நீரை 2007 முதல் அவ்வாறு சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

சிவா அத்தான்: இதை எத்தனை வருடங்களுக்குச் செய்ய வேண்டும்?

பெரியப்பா: பைரைற்று தீரும்வரை. சில சுரங்கங்களில் அது நூற்றாண்டுக் கணக்கு.

சிவா அத்தான்: அப்படியானால் மாப்பிள்ளைக்கு வேலை போகாது.

வைஷ்ணவி: அந்தச் சேற்றை எங்கே கொட்டுகிறார்கள், பெரியப்பா?

பெரியப்பா: பழைய சுரங்கக் குழிகளிலும் கொட்டுகிறார்கள், மகள். அது எனக்கும் பிடிக்கவில்லை. அவரிடமே கேள்.

கலா சித்தி: ஞாயிறு மாலை அவர்கள் வீடியோ அழைப்பில் வருகிறார்கள். மச்சாள், நீங்களும் வருவீர்களா?

ராஜி மாமி: பார்க்கலாம். வந்தால் முதலில் அவருடைய கைகளைக் காட்டச் சொல்லுவேன்.