நாக்குல கட்டி, "ரத்தக்கட்டி"ன்னு (ரத்தக்குழாய்ல வர்ற கட்டி) சொன்னாங்க. இப்படி யாருக்காவது ஆயிருக்கா?

கரூர்அக்கா:
தங்கச்சி பொண்ணு, 6 வயசு. நாக்கு பின்பக்கம் வீக்கம், வலியே கிடையாது. பாத்தவங்க ரத்தக்குழாய் கட்டி, வளர வளர சுருங்கிடும்னு அனுப்பிட்டாங்க, நாங்களும் 8 மாசம் சும்மா இருந்துட்டோம். அப்புறம் சொத்தைப்பல்லு அடைக்கப் போன எடத்துல பல் டாக்டரம்மா பாப்பாகிட்ட கார்ட்டூன் கதை பேசிட்டே நாக்க துணியால புடிச்சு வெரலால அமுக்கினாங்க, பாதிக் கதையில பேச்சு நின்னுடுச்சு. திரும்பவும் அமுக்கினாங்க. "இது அமுங்கலையேம்மா"ன்னாங்க, ரத்தக்குழாய் கட்டின்னா பொதுவா அமுங்குமாம். அந்த நிமிஷம் இன்னும் தூங்க விடல. பயாப்சில (துணுக்கு எடுத்து லேப்ல பாக்கறது) ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சர்கோமா, அபூர்வமா வர்ற ஒரு மென்திசு புற்றுநோய். டிஎஃப்இ3ங்கற புரதத்த காட்டற ஸ்டெயின் (சாயம்) போட்டப்புறம்தான் பேரே தெரிஞ்சுது.

லேப்_தம்பி:
அக்கா, அமுங்குதா இல்லையான்னு வச்சு முடிவு பண்ண முடியாதுக்கா. இந்த சர்கோமாலயும் ரத்த ஓட்டம் ஜாஸ்தி, சிலருக்கு துடிக்கக்கூட செய்யும், எம்ஆர்ஐலயும் ரத்தக்குழாய் கட்டி மாதிரியே காட்டும். வயசத்தான் பாத்திருக்கணும். கொழந்தைங்களுக்கு வர்ற, தானா சுருங்கற ரத்தக்குழாய் கட்டி பொதுவா பொறந்த சில வாரத்துலயே தெரிஞ்சிடும், 6 வயசுல புதுசா வந்து வளருதுன்னா அப்பவே பயாப்சி பேசியிருக்கணும்.

சேலம்செல்வி:
தம்பி, அந்த பல் டாக்டரம்மா கை வைக்கலன்னா உங்க லேபுக்கே வந்திருக்காது, அதையும் பாருங்க. எங்கண்ணனுக்கு கன்னத்து உள்பக்கம் கட்டி, ஒரு கிளினிக்ல எடுத்துட்டு டிரேல கெடந்தத பஞ்சோட சேத்து குப்பையில போட்டாங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன், கேக்கணும்னு தோணல. 3 மாசத்துல அதே எடத்துல திரும்ப வந்துச்சு. சைனோவியல் சர்கோமா, அதுவும் ஒரு மென்திசு புற்றுநோய்.
அதனால சொல்றேன், வாயில எத எடுத்தாலும் ஃபார்மலின் (திசு கெடாம வைக்கற திரவம்) டப்பால போட்டு லேபுக்குப் போகுதான்னு கண்ணால பாருங்க. ரிப்போர்ட்ல வெறும் "ஸ்பின்டில் செல் டியூமர்"னு வந்தா அதோட நிக்காதீங்க, அது செல்லோட வடிவம் மட்டும்தான், நோயோட பேரு இல்ல. ஐஹெச்சி (செல்லுல இருக்கற புரதத்த சாயம் போட்டு பாக்கறது) கேளுங்க, தேவைப்பட்டா ஃபிஷ் டெஸ்டும் (மரபணு மாற்றத்த பாக்கறது), எங்களுக்கு அதுலதான் உறுதியாச்சு. ஸ்லைடு, மெழுகு பிளாக் (எடுத்த திசுவ மெழுகுல பதிச்சு வச்சிருக்கறது) ரெண்டையும் லேப்ல கேட்டு வாங்கி சர்கோமா பாக்கற பெரிய சென்டர்ல ரெண்டாவது தடவ காட்டுங்க. அந்த பிளாக்க மட்டும் தொலைச்சிடாதீங்க.

கரூர்அக்கா:
செல்வி, பிளாக் எங்க கையிலதான் இருக்கு. தம்பி சொன்னது சரிதான், வயச யாருமே யோசிக்கல, நானும்தான். இது நுரையீரலுக்குப் போகும்னு சொன்னதால நெஞ்சு சிடி எடுத்தோம், இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. அந்த டாக்டரம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, நாளைக்கு பாப்பாவ கூட்டிட்டுப் போறோம்.