வீட்டுக் கடனை 20 வருடம் இழுக்காமல் முடிக்க முடியுமா? வீட்டிலேயே எல்லாம் செய்து மிச்சம் பிடிக்கிறோம்

புதுவீடு_திருச்சி எழுதியது:

வணக்கம். போன தை மாதம் வீடு வாங்கினோம். கடன் 25 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத மாறும் வட்டி. மாதத் தவணை (இஎம்ஐ) 21,696. முதல் மாதக் கணக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. வட்டிக்கு 17,708 போக, அசலில் குறைந்தது வெறும் 3,988. இப்படியே கட்டினால் கடைசியில் மொத்தம் 52 லட்சம் ஆகிறது.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வெளிச் சாப்பாட்டை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. மாவு, சாம்பார் பொடி, ஊறுகாய், தயிர், குளியல் சோப்பு வரை எல்லாம் வீட்டில்தான். கணக்குப்படி மாதம் ஐயாயிரம் மிஞ்ச வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் அது எங்கே போனது என்றே தெரிவதில்லை. மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுக்களையிலேயே கழிகிறது. அண்ணன் 'கடன் பாட்டுக்கு ஓடட்டும், மியூச்சுவல் ஃபண்டில் போடு' என்கிறார். கடனை முன்கூட்டியே முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பல்லடத்துக்காரி எழுதியது:

தம்பி, நாங்கள் முடித்திருக்கிறோம். 2014 ஆவணியில் 15 லட்சம் வாங்கினோம், அப்போது வட்டி 10.15. இஎம்ஐ 14,625. முதல் மாதம் அசலில் கழிந்தது 1,937 ரூபாய். அந்தத் தொகை இன்னும் எனக்கு மறக்கவில்லை. 2024 தை மாதம் பாக்கி இல்லாமல் கட்டினோம், ஒன்பதரை வருடத்துக்குள்.

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். பெரிய வருமானம் கிடையாது.

உங்கள் ஐயாயிரம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். செலவழிக்காத பணம் கையில் இருந்தால் அது மிச்சம் ஆகாது, வேறு ஏதாவது ஒன்றாக மாறிவிடும். முதல் இரண்டு வருடம் எங்களுக்கும் அப்படித்தான் போனது. அப்புறம் ஒரு வழக்கம் வைத்தேன். எண்ணெய் ஆட்டி வந்த அன்றைக்கே, கடையில் வாங்கியிருந்தால் எவ்வளவு, நமக்கு ஆனது எவ்வளவு என்று நோட்டில் எழுதி, வித்தியாசத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். மாவுக்கும் அதேதான், வாரம் மூன்று பாக்கெட் மாவுக் காசு. மாதம் நாலாயிரம் வரை சேரும். எங்கள் வங்கியில் ஒரு இஎம்ஐக்குக் குறைந்த தொகையை அசலில் வாங்க மாட்டார்கள். அதனால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கட்டுவேன். தீபாவளி போனஸில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தது போக மற்றதெல்லாம் கடனுக்குத்தான்.

எது வீட்டில் செய்தால் கட்டுப்படியாகும் என்பதையும் பாருங்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. எங்களுக்கு உண்மையில் காசு மிஞ்சியது தேங்காய் எண்ணெயிலும் இட்லி மாவிலும்தான். ரேஷன் புழுங்கலரிசி பாதி, இட்லி அரிசி பாதி போட்டு ஆட்டினால் இட்லி நன்றாகவே வரும். எண்ணெய்க்குக் காங்கேயத்தில் கொப்பரை வாங்கி, மொட்டை மாடியில் காக்காய்க்குக் காவல் இருந்து இன்னும் இரண்டு நாள் காய வைப்பேன். ஒடித்தால் வளையாமல் 'டக்' என்று உடைய வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். செக்கில் ஆட்டி வரும்போது கலங்கலாகத்தான் இருக்கும். தூக்குப்போசியில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வெயிலில் வைத்தால் மூன்றாம் நாள் கசடு அடியில் தங்கி, மேலே போட்ட காசு அடியில் தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிடும். மிளகாய், புளி எல்லாம் மாசி பங்குனியில் வருடத்துக்கும் வாங்கிவிடுவேன். தலைக்கு அரப்புத்தூள். சோப்பு நானும் செய்து பார்த்தேன், காசும் மிஞ்சவில்லை, நேரமும் போனது, விட்டுவிட்டேன். உங்கள் மனைவியின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்பது எது என்று பார்த்து, அதில் பாதியை நிறுத்துங்கள். மீதியில் நீங்களும் கூட நில்லுங்கள்.

நாங்கள் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. 2018-ல் கையில் இருந்த 60,000 மொத்தத்தையும் கடனில் கட்டினோம். மூன்றே வாரத்தில் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. தகடு வைக்க 1,40,000. சம்பளம் 21,000-ஐத் தாண்டியிருந்ததால் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் இல்லை. கடனில் போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது. என் தாலிக்கொடியைத் தவிர இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போனது. நகைக்கடன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம். மீட்க 14 மாதம் ஆனது. அதனால் நாலு மாதச் செலவுக்குப் பணமும் ஒரு மருத்துவக் காப்பீடும் முதலில் வையுங்கள். கடன் அதற்கு அப்புறம்தான்.

கணக்கர்_கும்பகோணம் எழுதியது:

அம்மா சொன்னது சரி. கணக்கை மட்டும் நான் சேர்க்கிறேன். உங்கள் கடனில் முதல் மாதத்திலிருந்தே 5,000 கூடுதலாகக் கட்டி, வட்டி மாறாமல் இருந்தால், 20 வருடக் கடன் சுமார் 12 வருடம் 10 மாதத்தில் முடியும். வட்டியில் சுமார் 10 லட்சத்து 90 ஆயிரம் மிச்சம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்காக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் புதிய வருமான வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக் கழிவு கிடையாது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை உண்டு. 'வரிக்காகக் கடனை வைத்திரு' என்று யாராவது சொன்னால் இதை முதலில் பாருங்கள். அண்ணன் சொல்லும் ஃபண்டில் கூடுதலாகவும் வரலாம், குறையவும் செய்யலாம். கடனில் கட்டுவது 8.5 சதவீதத்தை உறுதியாக மிச்சப்படுத்தும். எனக்கு 60 வயது தாண்டிவிட்டது, நான் உறுதியானதைத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் வயதுக்கு இரண்டிலும் கொஞ்சம் போடலாம்.

புதுவீடு_திருச்சி எழுதியது:

அக்கா, ஐயா, ரொம்ப நன்றி. சோப்பை நேற்றே நிறுத்திவிட்டோம். காப்பீடு இருக்கிறது. நாலு மாதச் செலவுப் பணம் இல்லை, அதைத்தான் முதலில் சேர்க்கப் போகிறோம். அதற்கப்புறம் கூடுதலாகக் கட்டும்போது வங்கியில் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?

பல்லடத்துக்காரி எழுதியது:

கட்டாயம் சொல்ல வேண்டும். 'இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், தவணைக் காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். ஒரு தடவை நான் எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். இஎம்ஐயை 160 ரூபாய் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த மாதக் கணக்கில் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். வட்டி ஏறும்போதும் பாருங்கள். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனபோது, எங்கள் தவணைகளின் எண்ணிக்கை சத்தமில்லாமல் கூடியிருந்தது.

கடனை முடித்த பிறகு வீட்டின் அசல் பத்திரத்தை வங்கி 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், இது 2023 டிசம்பரிலிருந்து உள்ள விதி. அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணம் பதிந்து, புதிதாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எங்கள் பத்திரம் வந்த அன்றைக்கு மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒப்புட்டுக்கு (போளிக்கு) பருப்பு வேக வைத்தார்.