புதுப்பிப்பு: பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வந்து சேர்ந்தோம்

கறுப்பினத் தம்பதியான நாங்கள் முதன்முறையாகப் பல நாள் சைக்கிள் பயணம் போகலாமா, வழியிலுள்ள சிற்றூர்களில் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கிரேட் அலிகேனி பாசேஜ் என்ற சைக்கிள் பாதை 150 மைல், அதைத் தொடர்ந்து சி அண்ட் ஓ கால்வாய்க் கரைப்பாதை 184.5 மைல்; இரண்டையும் எட்டு நாளில் முடித்துவிட்டோம்.

மோட்டார் வாகனங்கள் வராத பாதை என்பதால் முதுகுக்குப் பின்னால் லாரி வருமோ என்ற அச்சம் இல்லை. ஒரு கடையில் மட்டும், நாங்கள் தண்ணீர் நிரப்பி முடிக்கும்வரை ஒருவர் எங்கள் பைகளையே உற்றுப் பார்த்தபடி நின்றார். என் மனைவி வாய் திறக்காமல் புட்டியின் மூடியை இறுக்கித் திருகியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மழைக்குப் பின் கரைப்பாதைச் சேறு மட்கார்டில் அடைத்துக்கொண்டது. அகலமான டயரைப் பரிந்துரைத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வழியிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில் அரை நாள் தங்கினோம். 1859-இல், அடிமைமுறையை ஒழிக்க ஆயுதமேந்திய ஜான் பிரவுனோடு அங்கே போரிட்டு மாண்ட டேஞ்சர்ஃபீல்ட் நியூபி, அடிமையாக இருந்த தம் மனைவி ஹாரியட்டை மீட்க வந்தவர். அந்த அம்மையார் எழுதிய கடிதங்கள் நியூபியின் உடலில் கிடைத்தன. அதை அறிந்தபின் இருவரும் ஆற்றங்கரையில் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

அடுத்த கோடையில், அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வழிகளின் நினைவாக அமைந்த அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு சைக்கிள் தடத்தில், ஒஹாயோ ஆற்றைக் கடக்கும் பகுதியை ஓட்டப்போகிறோம். அங்கே தங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.